கடல் கடந்த கூடைப்பந்தாட்டக்காரர்



மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது. வேலை மட்டும் கொடுக்க மறுக்கிறார்கள். இப்படி ஒரு நிலை வந்தால் மகிழ்ச்சிதானே என்று நம்மில் சிலர் கேட்கலாம். அந்த நிலையில் இருந்த ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம். அவர் பெயர் ஸ்டெஃபான் மார்பரி. அமெரிக்கர், கூடைப்பந்தாட்டக்காரர்.

நியூயார்க்கின் கோனி ஐலண்டு கடற்கரைப் பகுதியில், ஏழைகளுக்காக அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்தவர். 1977இல் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. அண்ணன்மார் மூவரும் நன்றாகப் பந்தாடியவர்களே. ஆனால் அந்நாட்டின் பெரிய தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வின் வாசலை அவர்களால் மிதிக்க முடியவில்லை. குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் தம்பியின் தோளில் ஏறியது. 1996இல், 19 வயதில், அவர் அந்த வாசலைத் தாண்டினார்.

பணமும் புகழும் வந்தன. 2006இல் தம் பெயரில் ஒரு காலணியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மற்ற ஆட்டக்காரர்களின் பெயர் தாங்கிய காலணிகள் 100 அமெரிக்க வெள்ளிக்கு மேல் விற்றபோது, இதன் விலை 14 வெள்ளி 98 காசு. பிள்ளை காலணி கேட்கும்போது தாயார் படும் பாட்டை அறிந்தவர் செய்த காரியம் என்றே நமக்குப் படுகிறது.

ஆயினும் அவர் எளிதில் ஒத்துப்போகிற மனிதர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குழு மாறினார்; பயிற்சியாளர்களோடு மோதினார். 2007 டிசம்பரில் தந்தை காலமானார். அடுத்த பருவத்தில் நியூயார்க் குழு அவரை ஆட விடவே இல்லை. ஆண்டுச் சம்பளமோ 2 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல்! பணம் வந்துகொண்டிருந்தது, மனிதர் ஒடிந்துபோனார். 2009இல் பாஸ்டன் குழுவில் சில மாதங்கள் ஆடியதோடு அங்கே அவருடைய கதை முடிந்தது.

2010 ஜனவரியில் அவர் சீனாவுக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்த இடம் நிலக்கரி வெட்டும் ஷான்சி மாநிலத்தின் தலைநகரான தைய்யுவான். குளிர்காலம், மொழி தெரியாது. சீனக் குழுக்கள் அந்நாளில் பொதுவாக இரண்டு வெளிநாட்டவரையே சேர்த்துக்கொள்ளும். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம். சரிப்படாவிட்டால் அடுத்த விமானத்தில் ஊர் திரும்ப வேண்டியதுதான். இவரையும் அக்குழு நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஃபோஷான் நகரக் குழு. அங்கும் ஒரு பருவந்தான்.

மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 2011இல் பெய்ஜிங் குழுவுக்குப் போனார். 1995இல் தொடங்கிய சீனத் தொழில்முறைப் போட்டியில் தலைநகரக் குழு அதுவரை ஒரு தடவைகூட வாகை சூடியதில்லை. அந்தப் பருவத்தில் முதல் 13 ஆட்டங்களிலும் வென்றது. இறுதிச் சுற்றில் எதிரி, அசைக்க முடியாத குழு என்று பெயரெடுத்த குவாங்டோங். 2012 மார்ச் 30ஆம் நாள் ஐந்தாவது ஆட்டம். மார்பரி தனியொருவராக 41 புள்ளிகள் எடுத்தார். 124க்கு 121 என்ற கணக்கில் பெய்ஜிங் வென்றது, நகரமே ஆரவாரித்தது.

அதே ஆண்டில் அரங்கின் வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். 2014, 2015 ஆகிய ஆண்டுகளிலும் பெய்ஜிங் வாகை சூடியது. மக்கள் அவரை "மா ஜெங்வெய்" என்று அழைத்தார்கள். 'மா' என்பது அவருடைய பெயரின் சீன உச்சரிப்பில் முதல் எழுத்து. 'ஜெங்வெய்' படைப்பிரிவின் அரசியல் அதிகாரிக்குரிய பட்டம். வேடிக்கையாக வைத்த பெயர்தான். ஆனால் வேற்றாளுக்கு யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை. பிறகு நிரந்தரக் குடியிருப்பு அட்டையும் கிடைத்தது. அடையாள அட்டைக்காக அலைந்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள்.

2017இல், வயதாகிவிட்டது, பயிற்சியாளர் பக்கம் வாருங்கள் என்று குழுவினர் சொன்னபோது அவர் இணங்கவில்லை. இன்னும் ஒரு பருவம் ஆட வேண்டும் என்றார். அதே நகரின் இன்னொரு குழுவில் சேர்ந்து ஆடினார். கடைசி ஆட்டம் 2018 பிப்ரவரி 11ஆம் நாள். 41 வயது நிறைய ஒன்பது நாளே இருந்தது. அன்றும் அவருடைய குழுவே வென்றது. மறு ஆண்டு அதே குழுவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார்.