கழல மறுக்கும் ஆயில் பில்டர்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவு தொடங்குமுன் டிராக்டருக்கு என்ஜின் ஆயில் மாற்றுவது நல்ல பழக்கம். ஆயிலோடு கூட ஆயில் பில்டரையும் மாற்ற வேண்டும். இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்து கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் பலரும் ஓர் இடத்தில் மாட்டிக் கொள்கிறார்கள். பழைய ஆயிலை வடித்தாயிற்று, புது பில்டரும் வாங்கியாயிற்று. பழைய பில்டர் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. கையால் திருகிப் பார்த்து அலுத்துப் போய், கடைசியில் சுத்தியலை எடுத்து விடுகிறோம். டப்பா நசுங்கியதுதான் மிச்சம். அப்படிப்பட்ட பில்டரைச் சேதமில்லாமல் கழற்றுவது எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

"கழலவில்லை என்றால் போகட்டும், ஆயிலை மட்டும் மாற்றி விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். கூடாது. ஆயிலில் சேரும் கரியையும் இரும்புத் துகளையும் பிடித்து வைப்பது பில்டர். அது அடைத்துப் போனால் வண்டி நின்று விடாது. ஒரு சிறிய வால்வு திறந்து, ஆயிலை வடிகட்டாமலே என்ஜினுக்குள் அனுப்பி விடும். வண்டி ஓடிக் கொண்டுதான் இருக்கும். உள்ளே பேரிங்குகள் தேய்வது வெளியே தெரியாது. தெரிய வரும்போது செலவு ஆயிரக் கணக்கில் வந்து நிற்கும்.

பில்டர் ஏன் இறுகிப் போகிறது? பெரும்பாலும் போன தடவை மாட்டியவர் செய்த காரியம்தான். கையால் இறுக்க வேண்டியதை ஸ்பானர் போட்டு இறுக்கியிருப்பார். அல்லது ரப்பர் வாஷரில் ஆயில் தடவாமல் மாட்டியிருப்பார். என்ஜின் சூட்டில் அந்த ரப்பர் காய்ந்து இரும்போடு ஒட்டிக் கொள்ளும். மாற்ற வேண்டிய கெடு தாண்டி நெடுநாள் விட்டு விட்டாலும் இப்படித்தான் ஆகும்.

இனி கழற்றும் முறைக்கு வருவோம். முதலில் ஒரு கண்டிப்பான விதி. புது பில்டர் கையில் இல்லாமல் பழையதில் கை வைக்காதீர்கள். பழையது கிழிந்து விட்டால் புதியது வரும்வரை வண்டியைக் கிளப்பவே முடியாது. நாளைக்கு உழவு என்றால் இன்று மாலையில் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம். ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்போது, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். என்ஜினை ஐந்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ரப்பர் சற்று இளகும், ஆயிலும் நன்றாக வடியும். ஆனால் வயலில் உழுது விட்டு வந்த சூட்டோடு கை வைக்கக் கூடாது. கொதிக்கும் ஆயில் கையில் பட்டால் தோல் உரிந்து விடும். புகைக் குழாய் பக்கத்தில் இருக்கும், அதிலும் ஜாக்கிரதை. டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலைத் தட்டில் பிடித்துக் கொள்ளுங்கள்.

அடுத்து, திருகும் திசை. இதில்தான் அனுபவசாலிகளும் ஏமாந்து போவது உண்டு. பில்டரின் மூடிய அடிப்பக்கம் உங்கள் முகத்தைப் பார்க்கிறபடி வைத்துக் கொண்டு, இடது பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருக வேண்டும். தலைகீழாகத் தொங்கும் பில்டரை மேலிருந்து குனிந்து பார்த்துத் திருகினால் திசை மாறிப் போகும். கழற்றுவதாக நினைத்துக் கொண்டு மேலும் இறுக்கி விடுவோம்.

திசை சரியென்றால், பில்டரின் மேல் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். பாதிப் பில்டர்கள் அசையாததற்குக் காரணம் கை வழுக்குவதுதான். உப்புத்தாளை முரட்டுப் பக்கம் டப்பாவில் படும்படி சுற்றிக் கொண்டு இரண்டு கையாலும் திருகிப் பாருங்கள். பழைய சைக்கிள் டியூப் துண்டும் நல்ல பிடி கொடுக்கும்.

அதற்கும் மசியவில்லையா? கடையில் பில்டர் கழற்றும் பெல்ட் ஸ்பானர், சங்கிலி ஸ்பானர் என்று விற்கிறார்கள். ஊரில் நாலு டிராக்டர் இருந்தால் சேர்ந்து ஒன்று வாங்கி வைக்கலாம். அது இல்லாவிட்டால், உறுதியான பழைய பெல்ட் ஒன்றை டப்பாவைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளையும் ஓர் இரும்புக் கம்பியில் சுற்றி முறுக்குங்கள். பெல்ட் இறுகிப் பிடித்ததும் கம்பியை நெம்புகோல் மாதிரி இடது பக்கம் இழுக்க வேண்டும். டப்பாவின் நடுவில் பிடித்தால் நசுங்கும். என்ஜினை ஒட்டிய ஓரத்தில்தான் தகடு கெட்டியாக இருக்கும், அங்கே பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக அழுத்தம் கொடுங்கள்.

டப்பாவில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருகுவது பல பேருக்குத் தெரிந்த வழி. அதைக் கடைசி வழியாக வைத்துக் கொள்ளுங்கள். தகடு மெல்லியது, ஈரத் துணி போலக் கிழிந்து விடும். அப்படிக் கிழிந்து, அடித்தகடு மட்டும் என்ஜினில் ஒட்டிக் கொண்டு நின்றால் பதற வேண்டாம். அதன் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் கொண்டே வந்தால் இளகி விடும். உளி என்ஜின் முகத்தில் கீறல் போடக் கூடாது. கீறல் விழுந்தால் அந்த வழியே ஆயில் கசியும். எந்த நிலையிலும் நெருப்புக் காட்டிச் சூடாக்காதீர்கள். ஆயிலும் துணியும் தீப்பிடித்துக் கொள்ளும்.

பில்டர் வந்ததும் ஒன்று கவனியுங்கள். பழைய ரப்பர் வாஷர் அதோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் அது என்ஜின் முகத்திலேயே ஒட்டிக் கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் மேலேயே புது பில்டரை மாட்டினால் வாஷர் இரண்டாகி விடும். வண்டியைக் கிளப்பியதும் அழுத்தத்தில் ஆயில் பீறிட்டு வெளியே போய் விடும். கவனிக்காமல் வயல் வரைக்கும் ஓட்டிப் போனால் என்ஜின் பிடித்துக் கொள்ளும். ஒரு சிறு ரப்பர் வளையத்துக்காக என்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

முகத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, புது வாஷரில் விரலால் புது ஆயில் தடவுங்கள். ரப்பர் முகத்தைத் தொடும் வரை கையால் திருகி, பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் பொதுவாகப் போதும். எவ்வளவு என்று பில்டர் மேலேயே அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பானர் வேண்டவே வேண்டாம். டிரெயின் போல்ட்டை மாட்டி, கையேட்டில் சொன்ன அளவு ஆயில் ஊற்றிக் கிளப்புங்கள். ஆயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்தி விடுங்கள். கசிவு பார்த்து, நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து அளவுக் கம்பியில் மட்டம் பாருங்கள்.

பால் கேன் கட்டிப் போகும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பல பைக்குகளில் பில்டர் டப்பாவாக இராது. ஒரு சிறு மூடிக்குள் காகித பில்டராக இருக்கும். சிலவற்றில் வலை மட்டும்தான். அங்கே பிடிவாதம் செய்வது மூடியின் ஸ்க்ரூ. தலைக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவரை வைத்து, அதன் பின்புறம் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, நன்றாக அழுத்திக் கொண்டு திருகுங்கள். பொருந்தாத டிரைவரால் திருகினால் தலை மழுங்கி விடும். பில்டர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, ஸ்பிரிங், ரப்பர் வளையம் எங்கே இருந்தன என்று பார்த்து வைத்து, அப்படியே மாட்டுங்கள்.

கடைசியாக, வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். மண்ணும் குடிதண்ணீரும் கெடும். மாட்டுப் புண்ணுக்குத் தடவுவதும் தப்பு. அதில் உலோகத் துகளும் நச்சும் கலந்திருக்கும். 2016-ம் வருஷத்து மத்திய அரசு விதிகளின்படி அது அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் வாங்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்து விடுங்கள். பழைய பில்டரையும் கவிழ்த்து வைத்து முழுக்க வடித்த பிறகே அகற்றுங்கள்.

மாற்றிய தேதியையும் மணிக் கணக்கையும் ஓர் அட்டையில் எழுதி வண்டியில் வைத்து விடுங்கள். கெடுவுக்குள், ஆயில் தடவி, கையால் மட்டும் இறுக்கிய பில்டர் அடுத்த தடவை கையாலேயே கழன்று வரும்.