கரையோரத்துப் பாட்டியின் ஜெபப் பாஷை

(தோட்டத்துத் தாய்மார் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலவில திருவிழாவுக்குப் பஸ் பிடித்துப் போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மார்ச் மாதம் ஒன்று, ஓகஸ்ட் பக்கம் ஒன்று என்று வருஷத்தில் இரண்டு பெரிய திருவிழா. வேதக்காரர் மட்டுமில்லை, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்களும் நேர்த்தி வைத்துப் போறாங்க. அன்னம்மாள் மாதாவின் தாய், இயேசுநாதருக்குப் பாட்டி முறை. பாட்டியிடம் போய்க் கஷ்டத்தைச் சொல்வதற்கு எந்தச் சமயமாக இருந்தால் என்ன?

புத்தளம் கரையோரத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். சில குடும்பங்களில் மகனும் மருமகளும் பிள்ளைகளும் சிங்களத்தில் பேசிக்கொள்வார்கள். பக்கத்திலே உட்கார்ந்திருக்கும் 80, 90 வயதுப் பாட்டியின் வாயில் மட்டும் ஜெபமாலை தமிழில் ஓடிக்கொண்டிருக்கும். அது எப்படி வந்தது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தோம்.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் தாண்டிக் கற்பிட்டி வரைக்கும் அந்தக் கரையில் தமிழ் பழைய பாஷை. 'தமிழ் புளூட்டாக்' என்று தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர்தான். மீன்பிடிக் கிராமங்களின் கத்தோலிக்க மக்கள் வீட்டிலும் கடலிலும் தமிழ் பேசினார்கள்.

அங்கே 1935 வாக்கில் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் இன்னார் என்று ஒருவரைச் சொல்லவில்லை, அந்த வயதில் அங்கே வாழ்ந்த பலருடைய வாழ்க்கையைச் சேர்த்துச் சொல்கிறோம். ஞாயிறு தவறாமல் கோயில். மந்திரமும் ஞானோபதேசமும் தமிழில் மனப்பாடம். மீனைக் கீறி, உப்புப் போட்டு, மணலில் பாய் விரித்துக் காயவைத்தார். (நம்ம லயத்தில் குழம்பு வைக்கிற கருவாட்டில் எத்தனையோ அப்படிக் காய்ந்து வந்ததுதான்.) தென்மேற்குப் பருவக் காற்று அடித்தால் மேற்குக் கடலில் தொழில் இல்லை. ஆம்பிளைகள் வடக்கு, கிழக்குக் கரைக்குப் போய் வாடி போட்டுத் தங்குவார்கள். திரும்பி வரும் வரைக்கும் வீடும் கடனும் இவர் தலையில். அந்த மாதங்களில் கையில் இருந்தது ஜெபமாலை ஒன்றுதான்.

அவர் பிள்ளை பெற்ற காலத்தில் பள்ளிக்கூடத்தின் பாஷை மாறிப்போனது. சிலாபம் மறைமாவட்டம் 1939இல் அமைந்தது. 1940 முதல் 1972 வரை ஆயராக இருந்தவர் எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை. அந்தக் கரையில் படிப்பு தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போனதில் அவருக்குப் பங்கு உண்டென்று எழுதியிருக்கிறார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. வேலைக்குச் சிங்களம் வேணும் என்று பெற்றோரும் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

பூசை அதுவரை லத்தீனில் நடந்தது. லத்தீன் யாருக்கும் வீட்டுப் பாஷை இல்லை, அதனால் சண்டையும் இல்லை. 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய சங்கத்துக்குப் பிறகு ஊர்ப்பாஷையில் பூசை வைக்கலாம் என்றானது. அப்போது ஒவ்வொரு கோயிலும் ஒரு பாஷையை எடுக்க வேண்டியிருந்தது, அங்கே பல கோயில்கள் சிங்களத்தை எடுத்தன. நமது பாட்டி பூசையைச் சிங்களத்தில் கண்டு, சொந்த ஜெபத்தைத் தமிழில் சொல்லி வந்தார். பேரப்பிள்ளைக்கு அது விளங்காது. நீர்கொழும்பு மீனவர் பேசும் தமிழை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். நான் வந்தேன், அவன் வந்தான் என்று வினைச்சொல்லின் கடைசி மாறுகிற வழக்கமே அங்கே தேய்ந்து, சிங்களத்தைப் போல ஆகிவிட்டதாம்.

இது நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 1825இல் நோர்வே நாட்டின் ஸ்டவாங்கர் துறையிலிருந்து 52 பேர் ஒரு சின்னப் பாய்க்கப்பலில் அமெரிக்காவுக்குப் போனார்கள். நடுக்கடலில் ஒரு பெண்பிள்ளை பிறந்து 53 பேராய் இறங்கினார்கள். அடுத்த நூறு வருஷத்தில் சுமார் 8 லட்சம் பேர் அப்படிப் போனார்கள். மின்னசோட்டா, வடக்கு டகோட்டாவில் கோதுமை விதைத்தார்கள், மரப்பலகையில் கோயில் கட்டினார்கள். கோயிலைத் தாங்கினது மாதர் சங்கம்: தையல், கோப்பி, விருந்துச் சாப்பாடு விற்று வந்த காசு. பிரசங்கமும் பாட்டும் நோர்வே பாஷையில் நடந்தன. 1918இல், முதல் உலக யுத்தத்தின்போது, அயோவா மாநில ஆளுநர் கோயிலிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு பாஷை கூடாது என்று கட்டளை போட்டார். பயத்தில் பாதி, பிள்ளைகளின் வசதிக்காகப் பாதி, பாஷை மாறினது. 1917இல் ஒன்றுசேர்ந்த அவர்களின் பெரிய லூத்தரன் சபை, 1946இல் பெயரிலிருந்தே 'நோர்வே' என்பதை எடுத்துவிட்டது.

அந்த ஊர்களில் 90 வயது வரை இருந்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் பலருக்கு மிஞ்சினது சாப்பாட்டு மேசை ஜெபம் ஒன்றும், காய்ந்த மீனைக் காரத்தண்ணீரில் ஊறவைத்து அவிக்கிற ஒரு பண்டிகைச் சாப்பாடும்தான். பாஷை போனாலும் கருவாடு போகவில்லை பாருங்கள்!

நம்ம பக்கம் வருவோம். லயத்திலேயே அடைபட்டுக் கிடந்ததால் நமது தமிழ் தப்பியது. அது பெருமைப்படுகிற விஷயமா என்பது வேறு கதை. இப்போது பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போறாங்க. காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கத் தோட்டங்களில் கிட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாமல் சிங்களப் பள்ளிக்கு அனுப்புகிற குடும்பங்கள் இருக்கின்றன. சிங்களம் படிக்கத்தான் வேணும், நன்றாகவே படிக்க வேணும். அதே புத்தளம் கரையில் உடப்பு என்ற ஊரைப் பாருங்கள். திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதியும் உள்ள மீன்பிடி ஊர். பள்ளிக்கூடம் தமிழ். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் இருந்தும் வீட்டுப் பேச்சு இன்றும் தமிழ்தான்.

முதலாம் வகுப்புக்கு எழுதும் விண்ணப்பத்தில் மொழிமூலம் என்று ஒரு இடம் உண்டு. பல வீடுகளில் அதை யாரோ ஒருவர் கேட்காமலே நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். இந்த வருஷம் அதை நிரப்பும் முன் வீட்டில் உள்ள அம்மாயி, அப்பாயியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். தமிழ்ப் பள்ளி தூரம் என்றால் எத்தனை மைல், எத்தனை பிள்ளைகள் என்று ஒரு கடதாசியில் எழுதி எங்களிடம் கொடுங்கள். ஒரு பிள்ளைக்காக யாரும் வகுப்பு திறக்க மாட்டார்கள், இருபது பிள்ளை என்றால் போய்ப் பேசலாம்.