பழைய ஜீப்புக்கு ஏற்ற கார்புரேட்டர்

(உழவர் விழா ஒன்றில் ஆற்றிய உரை)



உழவியல் விரிவுரையாளர் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று எண்ண வேண்டாம். கீழ்ப்பழனி மலையிலுள்ள எங்கள் வாழைத்தோட்டத்துக்கு இன்றும் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்தான் போய்வருகிறது. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று, பட்டறைக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு, காரிலிருந்து கழற்றிய இரட்டைத் துளைக் கார்புரேட்டரை அதற்கு மாட்டினோம். சமதளத்தில் நன்றாகவே ஓடியது. உரமூட்டைகளுடன் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது எஞ்சின் நின்று, வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கிவிட்டது. பின்னால் இருந்த ஆட்கள் இருவர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்ததால் பிழைத்தோம். அதற்குப் பிறகுதான் இதைப் படித்துப் பார்த்தேன்.

கார்புரேட்டர் பெரிதானால் இழுவை கூடும் என்பது தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வில்லிஸ் உரிமத்தின் பேரில் மகிந்திரா நிறுவனம் தயாரித்த சி.ஜே. 3பி ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவு உடையது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அது முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடினாலும் 4,400 லிட்டர். நடைமுறையில் அதில் 80 சதம், அதாவது சுமார் 3,500 லிட்டர்தான். இதற்கு ஒற்றைத் துளையே போதும். வில்லிஸ் நிறுவனம் பொருத்திய கார்ட்டர் ஒய்.எஃப். ஒற்றைத் துளைதான். அது கிடைக்காவிட்டால் ஒற்றைத் துளை சோலெக்ஸ் போடுவோரும் உண்டு. மேலும், இந்த எஞ்சினின் முழு இழுவிசை 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். மேட்டில் நாம் ஓட்டுவதும் அந்த வேகத்தில்தான். அப்போது கழுத்து அகலமாக இருந்தால் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரிவர உறிஞ்சப்படாது.

அடுத்தது மிதவைக் கிண்ணம். எங்கள் வண்டியில் அது பின்பக்கம் அமைந்துவிட்டது. மேடேறும்போது கிண்ணம் தாழ்ந்து, தெளிப்புக் குழாய் உயர்ந்து, பெட்ரோல் எட்டாமற் போயிற்று. கிண்ணம் முன்பக்கம் இருந்தாலோ, செங்குத்தான மேட்டில் பெட்ரோல் வழிந்து எஞ்சின் திணறும். ஆகவே கிண்ணம் எந்தப் பக்கம் வருகிறது என்று பாராமல் வாங்கக் கூடாது. ஓரச் சாய்வுக்கும் இதுவே பொருந்தும்.

உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு வைத்த ஜெட் அங்கே அதிகப் பெட்ரோல் விட்டு, பிளக்கில் கரி படிய வைக்கும். மாறாக, 2023 முதல் விற்பனைக்கு வந்துள்ள 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை மெலிவாக்கும். அதற்குச் சற்றுப் பெரிய ஜெட் வேண்டியிருக்கும். நம் கரும்பும் மக்காச்சோளமும்தான் அந்த எத்தனாலாகிறது. ஆனால் பழைய ரப்பர் வளையங்களை அது உப்பச் செய்யும், ஈரத்தையும் இழுக்கும். எனவே எத்தனாலைத் தாங்கும் வளையங்களுள்ள பழுதுநீக்கும் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். வண்டி மாதக் கணக்கில் நிற்குமானால் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும்.

புதிது வாங்குமுன் பழையதைக் கழற்றி, த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அவ்வழியே காற்று புகும். கடைசலில் புஷ் போட்டு, ஊசியையும் இருக்கையையும் மாற்றினால் பெரும்பாலும் பழையதே போதும். எங்கள் வீட்டிலும் கடைசியில் பழையதைத்தான் திரும்ப மாட்டினோம். இணைப்புத் தகடு வைத்து வேறொன்றை மாட்டுவதானால், பானெட்டை மூடிப் பார்த்து, காற்றுவடிகட்டிக்கும் இடமிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மாட்டிய பின் பாரம் ஏற்றாமல், சக்கரங்களுக்குக் கல் வைத்து, மேட்டில் முகம் உயர்த்தி நிறுத்தி ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள். பிறகு வண்டியைத் திருப்பி, ஓரச் சாய்விலும் அவ்வாறே ஓட விட்டுப் பாருங்கள்.