பதினேழு வயதுக்குள் பாய வேண்டிய உயரம்

1952ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டி. உயரம் பாய்தலுக்கு இலங்கைக்காக இறங்கியவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பெரியவிளானில் பிறந்த அவருக்கு அப்போது வயது 17. இளையோருக்கென்று தனி ஒலிம்பிக் இல்லாத காலம் அது. உலகத்தின் முதிர்ந்த வீரர்களோடுதான் அந்தப் பொடியன் பாய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் வோல்ட் டேவிஸ் 2.04 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். எதிர்வீரசிங்கம் பதக்கமின்றித் திரும்பினார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் அவர் பாய்ந்த உயரம் 2.03 மீற்றர். ஹெல்சிங்கியில் தங்கம் பெற்றுக்கொடுத்த உயரத்துக்கு ஒரேயொரு சென்ரிமீற்றர்தான் குறைவு. ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கை வென்ற முதல் தங்கம் அதுவே. 2024இல் அவர் காலமானபோது நாடே அதை நினைவுகூர்ந்தது. ஆனால் அந்தத் தங்கத்துக்கான விதை 17 வயதில் ஹெல்சிங்கியில் விழுந்தது என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை.

அந்த வயதுக்காரருக்கான மேடைதான் இளையோர் ஒலிம்பிக். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஜாக் ரொக்கின் முயற்சியால் 2010இல் சிங்கப்பூரில் முதல் விழா நடந்தது. அடுத்து 2014இல் நான்ஜிங், 2018இல் புவனஸ் அயர்ஸ். புவனஸ் அயர்ஸில் 2000 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் பாரமி வசந்தி மரிஸ்டெலா வெண்கலம் வென்று இலங்கைக்குப் பெருமை சேர்த்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மேடைக்குப் போகும் பாதை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் தொடங்குகிறது. வழக்கமாகத் தை, மாசியில் நடக்கும் அந்தப் போட்டிகளை அறியாத வீடு இங்கே இல்லை. இல்லங்களின் சோடனை, அணிநடை, சுண்ணாம்புக்கோடு போட்ட ஓடுபாதை, கடைசியில் பழைய மாணவர் ஓட்டம். அங்கே வென்றவர் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறித் தேசிய மட்டத்துக்குப் போகிறார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் குண்டு, தட்டு வீரர்கள் அப்படிப் போனவர்கள். கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரனும் சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரனும் அப்படித்தான்.

கோலூன்றிப் பாய்தலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடியிழையால் ஆன கோல் ஒவ்வொன்றிலும் அதன் நீளமும், அது தாங்கும் உடல் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். தன் எடைக்குக் குறைந்த கோலோடு ஓடிவந்து ஊன்றினால் கோல் முறியலாம். மிகக் கடினமான கோல் என்றால் அது வளையாது, ஆளை மேலே தூக்காது. வளரும் பிள்ளைக்கு 15 வயதில் பொருந்திய கோல் 16 வயதில் பொருந்தாது. ஒரு பிள்ளையைத் தேசிய மட்டத்துக்குக் கொண்டுபோக ஒரு கோல் போதாது, ஒரு கட்டுக் கோல் வேண்டும். விழுவதற்குத் தடித்த மெத்தை வேண்டும். போட்டி கொழும்பில் என்றால் நாலு மீற்றர் நீளக் கோலோடு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம். இவ்வளவையும் தாண்டித்தான் நம் பிள்ளைகள் குறுக்குக் கோலைத் தாண்டுகிறார்கள்.

இந்த வயது காத்திருக்காது என்பதுதான் பெரிய கவலை. 2022இல் செனகலின் டக்கார் நகருக்குக் குறிக்கப்பட்ட இளையோர் ஒலிம்பிக், கொரோனாவினால் 2026க்குத் தள்ளிப்போனது. 2005, 2006, 2007ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஆசிய இளையோர் விளையாட்டு விழாவின் கதை இன்னும் வேதனையானது. 2013 நான்ஜிங்குக்குப் பிறகு 2017இல் நம் நாட்டின் அம்பாந்தோட்டையில் நடந்திருக்க வேண்டிய விழா அது, கைநழுவிப் போயிற்று. அடுத்த விழா பஹ்ரைனில் நடந்தபோது 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பிலிருந்து உயர்தரம் முடித்து வேலைக்கும் போயிருக்கும்.

திகதிகளைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை. ஆனால் கோலும் மெத்தையும் எப்போது வந்து சேர வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. பதக்கம் வென்ற பிறகு மாலையும் பொன்னாடையும் தாராளமாகக் கிடைக்கின்றன. 14 வயதில் மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்ற பிள்ளையிடம் எந்த நீளக் கோல் இருக்கிறது என்று அப்போதே கேட்பவர் குறைவு. ஒவ்வொரு வலயமும் தன் இளம் வீரர்களைப் பிறந்த ஆண்டு, உடல் எடை, கைவசமுள்ள கருவி ஆகியவற்றோடு பட்டியலிட்டு, எந்தச் சர்வதேசப் போட்டிக்கு யாருக்கு வயது பொருந்தும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கலாம். கல்லூரிகளுக்கு மண்டபமும் நுழைவாயிலும் கட்டித் தருகிற லண்டன், ரொறன்ரோ பழைய மாணவர் சங்கங்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, இந்த ஆண்டு இந்தப் பிள்ளைக்கு இந்த எடைக்கான கோல் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.