காசுக்குக் காவல் எது?



இன்று நான் காசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கையில் பிடிக்க முடியாத காசு. மடியில் முடிந்தால் ஓசை எழுப்பாத காசு. பிட்காயின் என்பது அதன் பெயர்.

2009 ஜனவரித் திங்களில் அது பிறந்தது. சத்தோஷி நகமோட்டோ என்ற பெயருக்குள் தம்மை மறைத்துக்கொண்ட ஒருவரோ பலரோ அதனைப் படைத்தார்கள். மன்னன் தலை அதில் இல்லை. வங்கியின் முத்திரையும் இல்லை. உலகெங்கும் பரவிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்கேட்டை வைத்திருக்கின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு புதிய பக்கம் சேருகிறது. ஒருவன் பொய்க்கணக்கு எழுதினால் மற்றவை ஏற்க மறுக்கின்றன. கணக்குப்பிள்ளை ஒருவனிடம் சாவி இல்லை. ஊர்ப் பொதுவில் இருக்கிறது. மையமற்ற வலையமைப்பு என்பதன் பொருள் இதுவே!

கேட்க இனிக்கிறது. ஆனால், உப்பும் புளியும் வாங்க உதவுமா என்று குடும்பம் நடத்துகிற தாய் கேட்பாளே! அந்தக் கேள்விக்கு விடை தேட, நடு அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் என்னும் சின்னஞ்சிறு நாட்டுக்கு உங்களை அழைக்கிறேன்.

2001 முதல் அந்நாட்டில் புழங்குவது அமெரிக்க டாலர். அந்நாட்டு மக்களில் பலர் அமெரிக்காவில் உழைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்திலொரு பங்கு அளவுக்கு அந்தப் பணம் வருகிறது. அதிலே தரகு நிறுவனம் தன் பங்கைக் கிள்ளிக்கொள்கிறது. தரகனை விலக்கும் காசு வந்தால், ஏழை வேண்டாம் என்பானா? எல் சோன்டே என்ற கடற்கரைச் சிற்றூரில், 2019 முதலே பிட்காயின் புழங்கத் தொடங்கியது. எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

2021 ஜூனில் குடியரசுத் தலைவர் நயீப் புகேலேயின் அரசு சட்டம் செய்தது. செப்டம்பர் 7 முதல் பிட்காயினும் சட்டப்படி செல்லும் நாணயம். உலகிலேயே முதல் நாடு! பொருள் விற்பவர் அதனை ஏற்றே தீரவேண்டும் என்றது ஏழாம் விதி. சீவோ என்ற அரசுச் செயலியில் சேர்ந்தால் முப்பது டாலர் மதிப்புக்கு இனாம்!

தோழர்களே! அரசன் வேண்டாமென்று பிறந்த காசுக்கு அரச கட்டளை ஏன்? மையமே கூடாது என்ற வலையமைப்புக்கு அரசுச் செயலி என்றொரு மையம் ஏன்?

மக்கள் சேர்ந்தார்கள், முப்பது டாலரைச் செலவிட்டார்கள், பெரும்பாலோர் அத்தோடு விட்டுவிட்டார்கள். 2022இல் வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் இந்த வழியே வந்தது நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு.

காரணம் என்ன? 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 69,000 டாலர். மறு நவம்பரில் 16,000 அளவுக்குச் சரிந்தது. நான்கு மூட்டைச் சோளத்துக்கென்று சேர்த்த பணம் ஒரு மூட்டைக்கும் போதவில்லை! 2024 டிசம்பரில் அது லட்சம் டாலரைத் தாண்டியது, மறுக்கவில்லை. ஆனால், நாளைக்கு மருந்து வாங்க வேண்டியவள் இரண்டாண்டு காத்திருப்பாளா?

பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் பெறும் உடன்பாட்டையொட்டி, 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. கட்டாயம் ஒழிந்தது. விரும்பினால் வாங்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்றாயிற்று.

நான் அறிவியலுக்குப் பகைவனல்லன். கடல் கடந்த மகன் அனுப்பும் காசு, தரகின்றித் தாயின் கைக்கு வரட்டும், வரவேற்போம். ஆனால், சிற்றூர்க்காரன் தானே விரும்பி எடுத்த காசைச் சட்டம் திணித்தபோது, சந்தை அதை ஏற்கவில்லை. எல் சால்வடோரில் எதிர்ப்பு ஊர்வலங்களும் நடந்தன. ஆனால், எளிய மக்களில் பெரும்பாலோர் செய்தது ஒன்றே. செயலியை மூடிவைத்தார்கள், அவ்வளவுதான். காசுக்குக் காவல் கணினியுமன்று, கட்டளையுமன்று. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நிற்கிற நம்பிக்கையே!