இரட்டை எஞ்சினா, மின்சாரம் மட்டுமா?

மும்பைப் பகுதியில் மின்சார ரயில்கள் 1925ஆம் ஆண்டு முதல் 1,500 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்கின. நாட்டின் பிற பகுதிகளில் பின்னாளில் 25,000 வோல்ட் மாறு மின்னோட்டம் ஏற்கப்பட்டது. இரண்டிலும் ஓடவல்ல எஞ்சின்கள் கல்யாண் பணிமனையைச் சார்ந்து இயங்கின. மும்பைப் பாதைகள் 2016ஆம் ஆண்டில் முற்றிலும் மாறு மின்னோட்டத்துக்கு வந்தபின், அந்த இரட்டைச் சாதனத்துக்குத் தேவை இல்லாது போயிற்று.

குடும்பத்துக்கென எஸ்.யூ.வி. கார் வாங்க விழைவோர் முன் இன்று நிற்கும் கேள்வியும் இத்தகையதே. பிளக்-இன் ஹைபிரிட் கார், பெட்ரோல் எஞ்சினையும் மின்கலத்தையும் ஒருங்கே சுமக்கிறது. பொதுவாக 50 முதல் 80 கிலோமீட்டர் வரை மின்சாரத்தில் ஓடும். அதன்பின் பெட்ரோல் துணை நிற்கும். முழு மின்சாரக் காருக்கு மின்கலம் ஒன்றே ஆதாரம்.

நெடும்பயண அச்சத்தைப் போக்குவது ஹைபிரிட்டின் சிறப்பு. ஆயினும் நாள்தோறும் மின்னேற்றம் செய்யாவிடில் அது கூடுதல் எடை சுமக்கும் பெட்ரோல் காராகவே ஆகிவிடும். இவ்வகைக் கார்களின் கரியமில வாயு வெளியேற்றம், ஆய்வுக்கூட அளவைவிடச் சாலையில் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்ததாக ஐரோப்பிய ஆணையம் 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. இந்தியாவிலோ இவ்வகை, விலை மிகுந்த சில கார்களிலேயே கிடைத்து வந்துள்ளது. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற ஹைபிரிட் கார்களில் வெளியிலிருந்து மின்னேற்ற வசதி இல்லை. வரியும் கவனிக்கத் தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய ஹைபிரிட் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம்.

கல்யாணில் வாழும் நடுத்தரக் குடும்பத்தினர் பலர் பணிக்குப் புறநகர் ரயிலிலேயே செல்கின்றனர். கார் பெரும்பாலும் விடுமுறைக்கும் உறவினர் இல்லங்களுக்கும் பயன்படுகிறது. கல்யாணிலிருந்து நாசிக் சுமார் 130 கிலோமீட்டர். சாதாரண 15 ஆம்பியர் இணைப்பில் இரவு எட்டு மணி நேரம் மின்னேற்றினால் ஏறத்தாழ 24 யூனிட் ஏறும். அது சுமார் 150 கிலோமீட்டருக்குப் போதும். கசாரா மலைப்பாதையின் ஏற்றத்தில் செலவு கூடினும், இறக்கத்தில் ஒரு பகுதி மின்கலத்துக்கே மீளும். ஆண்டுக்கொரு முறை தமிழகம் செல்வோர் வழியில் விரைவு மின்னேற்றத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

ஆதலின், வாகனம் நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு உள்ள குடும்பத்துக்கு முழு மின்சாரக் காரே சிக்கனமானது. இணைப்பு இல்லாத குடும்பத்துக்குப் பிளக்-இன் ஹைபிரிட்டும் பயன் தராது. புதிய கட்டடங்களில் நிறுத்துமிடங்களின் 20 சதவீதத்துக்கு மின்னேற்ற வசதி வேண்டுமென மாதிரிக் கட்டட விதிகள் 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டன. பழைய அடுக்ககங்களே இப்போது எஞ்சியுள்ள இடர்ப்பாடு. அங்குள்ள வீட்டுவசதிச் சங்கங்கள் தனி மீட்டருக்கும் பாதுகாப்பான கம்பி அமைப்புக்கும் இசைவளித்தால், குடும்பத்தின் சேமிப்பும் நாட்டின் அந்நியச் செலாவணியும் ஒருங்கே காக்கப்படும். தண்டவாளத்தின்மேல் ஒரே மின்னோட்டம் வந்தபின் எஞ்சின் எளிதாயிற்று. வீட்டு வாயிலில் மின் இணைப்பு வந்தபின் காரும் அவ்வாறே எளிதாகும்.