ஒரு வீட்டுக் கதையும் ஊர்க் கணக்கும்

(ஆனையிறவில் நடந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



விடியுமுன்னே மலையை விட்டுப் புறப்பட்டு, பஸ்ஸில் இடுப்பொடிய வந்து சேர்ந்திருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கத்துச் சொந்தங்களைப் பார்க்கும் அவசரமும் இருக்கும். ஆனாலும் ஒரு விஷயத்தை இந்த இடத்தில் வைத்துப் பேசினால்தான் விளங்கும் என்று நினைத்தோம்.

நம் லயங்களுக்கு நோட்டும் பேனையுமாக ஆட்கள் வருவது உங்களுக்குப் புதிதல்ல. சிலர் அச்சடித்த கடுதாசியோடு வருவார்கள். வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி. இருபது நிமிஷத்தில் அடுத்த காம்பராவுக்குப் போய்விடுவார்கள். வேறு சிலர் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் நிற்பார்கள், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் வருவார்கள், ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து பேசுவார்கள். "எங்க வீட்ட மட்டும் ஏன் சார் இப்பிடிக் கிண்டுறாங்க, நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?" என்று ஒரு அக்கா நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இரண்டாவதாகச் சொன்ன வேலைக்குத்தான் 'கேஸ் ஸ்டடி' என்று பெயர். தமிழில் விடய ஆய்வு என்றும் தனியாள் ஆய்வு என்றும் எழுதுகிறார்கள். ஆள் ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஒரு குடும்பமாக இருக்கலாம், ஒரு லயமாக இருக்கலாம், ஒரு சங்கமோ ஊரோ கூட இருக்கலாம். அந்த ஒன்றை எடுத்து, அதன் வேர் வரை பார்ப்பது. எத்தனை பேர் என்று கேட்டால் கணக்கெடுப்புப் போதும். எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்டால் இப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

இதோ இந்த உப்பளத்தையே பாருங்கள். 1930களில் தொடங்கியது, போரினால் பல வருஷம் கைவிடப்பட்டுக் கிடந்து, பின்னால் மறுபடி உப்பு விளைகிறது. நமக்கு மழை வேண்டும், இவர்களுக்கு வெயில் வேண்டும். வெயில் காய்ந்தால் நம் மலையில் கொழுந்து குறைந்து பேர் விழாது. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டினால் இங்கே பாத்தியில் வேலை இராது. இப்போது ஒருவர் கடுதாசியோடு வந்து "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று உப்பளத் தொழிலாளியைக் கேட்கிறார் என்று வையுங்கள். ஆவணியில் கேட்டால் ஒரு பதில், கார்த்திகையில் கேட்டால் வேறு பதில். இரண்டும் பொய்யில்லை, ஆனால் ஒன்றை மட்டும் எழுதினால் அந்த வீட்டை அறிந்ததாகாது. ஒரு வருஷம் முழுக்க அந்த வீட்டு அடுப்பைப் பார்த்தவருக்குத்தான், மழை மாதத்தில் எந்தக் கடையில் கடன் சொன்னார்கள், எந்த நகை அடகுக்குப் போனது என்று தெரியும்.

பிரான்ஸ் தேசத்தில் பிரடெரிக் லெ ப்ளே என்ற சுரங்க எஞ்சினியர் இதைத்தான் செய்தார். ஐரோப்பாவின் தொழிலாளர் குடும்பங்களில் 36ஐ எடுத்து, ஒவ்வொரு வீட்டின் வரவு செலவையும் சல்லிக்காசு விடாமல் எழுதி 1855இல் புத்தகமாக்கினார். நம் பக்கத்திலும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 அளவில் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பிக் கிராமங்களை ஆராயச் செய்தார். அது 1918இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு ஊர் தென்னாற்காட்டு இருவேல்பட்டு. அதே ஊருக்கு 1930களிலும், 1981இலும், 2000க்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். ஒரே ஊரை ஏறக்குறைய நூறு வருஷம்! நிலம் யார் கையில் இருந்தது, படியாளாகக் கிடந்தவர்கள் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் வெளியே வந்தது. ஸ்லேட்டரின் மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் கங்காணிமார் அதுபோன்ற ஊர்களிலிருந்து நம் பாட்டன் பாட்டிமாரைக் கப்பலேற்றிக் கொண்டிருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, நம் சொந்தக் கதைக்கு வருவோம். இதுதான் உங்களை இங்கே நிறுத்தியதன் காரணம்.

1970களில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. அதே தசாப்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1977இலும் 1983இலும் அடித்து விரட்டினார்கள். நம் சனம் மூட்டை முடிச்சோடு வன்னிக்கு வந்தது. காந்தியம் போன்ற அமைப்புகள் கைகொடுத்தன, காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். வவுனியா மாவட்டத்தில் 1981 குடிசன மதிப்பீட்டின்படி ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர். 2012 மதிப்பீட்டில் அது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

எங்கே போனார்கள் இத்தனை பேரும்? கணக்குப் புத்தகம் அதற்கு வாய் திறக்காது. சிலர் படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். சிலர் போரில் செத்தார்கள். 1991, 2000, 2009 என்று இந்த ஆனையிறவில் மூன்று தரம் பெரும் சண்டை நடந்தபோது இதைச் சுற்றியிருந்த சனம் பட்ட பாடு சொல்லி முடியாது. இன்னும் பலர் எங்கேயும் போகவில்லை. அதே வளவில், அதே கிணற்றடியில்தான் இருக்கிறார்கள். பதியும்போது 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்தார்கள், அவ்வளவுதான். ஏன் அப்படிப் பதிந்தார்கள்? பயமா, பிள்ளையின் படிப்பா, கலியாணமா, அல்லது "இந்த மண்ணில் பிறந்த எனக்கு வேறென்ன பேர்" என்ற ரோசமா? ஒரு வீட்டில் உட்கார்ந்து தாத்தாவையும் மகளையும் பேரனையும் தனித்தனியாகக் கேட்டால் மூன்று காரணம் வரலாம். அந்த மூன்றும் தெரியாமல், மலையகத்தார் வன்னியில் இல்லை என்று ஒருவர் எழுதிவிட்டால், காணி கேட்டுப் போகிற நம் ஆளுக்கு என்ன ஆதாரம்?

அதற்காக ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு எல்லா வீடும் இப்படித்தான் என்று சொல்லவும் கூடாது. குடிக்கிற ஒரு அப்பனைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து ஆண்களெல்லாம் குடிகாரர் என்று எழுதியவர்கள் உண்டு. அது ஆய்வில்லை, வம்பு. நல்ல ஆய்வாளர் தம் எண்ணத்துக்கு மாறான வீட்டையும் தேடிப் போவார். வாய்ச்சொல்லைச் சம்பளச் சீட்டோடும், பிறப்புப் பத்திரத்தோடும், பக்கத்து வீட்டார் பேச்சோடும் வைத்துச் சரிபார்ப்பார்.

ஆகவே இனி ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், இரு தம்பி, உட்காரு என்று சொல்லிவிட்டு நீங்களும் கேளுங்கள். எங்கள் வீட்டை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்? பேரை மாற்றி எழுதுவீர்களா? எழுதியதை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவீர்களா? பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் போதும் என்றும் சொல்லலாம். பொம்பிளைப் பிள்ளைகளிடம் தனியே பேசவேண்டும் என்றால் தாய்க்குத் தெரிந்து, பிள்ளைக்கும் சம்மதமாக இருக்கட்டும். நம்முடைய ஆட்களும் சிலவேளை, வீடு கிடைக்கும், நிவாரணம் கிடைக்கும் என்று நினைத்துக் கூட்டியும் குறைத்தும் சொல்லிவிடுகிறோம். பிறகு அதுவே நமக்கு எதிராக வரும்.

இன்று மத்தியானம் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும், பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பழைய பிரஜாவுரிமைக் கடுதாசி, தோட்டத்துப் பிறப்புப் பதிவு, அகதி முகாம் அட்டை, காணி பெர்மிட், எதுவானாலும் சரி. போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, எந்தத் தோட்டம், எந்த வருஷம் வந்தார்கள், யார் கூட்டி வந்தது என்று ஒரு பிள்ளையைக் கொண்டு எழுதிவையுங்கள். மூலப் பத்திரத்தை மட்டும், நம்மிடமானாலும் சரி, யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.